டயர் ஒரு பக்கமாகத் தேய்வது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கார் டயர்கள் சீராகத் தேயாமல் ஓரத்திலோ நடுவிலோ மட்டும் தேய்ந்துபோவதைப் பற்றி வாசகர்கள் தொடர்ந்து எழுதிவருவதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்கும் கடிதங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, சுருக்கி வெளியிட்டிருக்கிறோம்.

ஐயா, என் ஹேட்ச்பேக் காரின் முன் டயர்கள் இரண்டும் 24,000 கிலோமீட்டருக்குள்ளேயே உட்புற ஓரத்தில் மொட்டையாகிவிட்டன. வெளியே நின்று பார்த்தால் பட்டன் (டயரின் மேல் உள்ள ரப்பர்க் கட்டங்கள்) நன்றாகவே தெரிகிறது. பஞ்சர் ஒட்டுவதற்காகக் கழற்றியபோதுதான், உள் ஓரத்தில் கம்பி வெளியே வந்திருப்பதைக் கடைக்காரர் காட்டினார். சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்க்கும் வீல் அலைன்மென்ட்டைத் தவறாமல் செய்துவருகிறேன். கணினித் திரையில் எல்லாமே பச்சையாகத்தான் காட்டுகிறது. புது டயர் போட்டாலும் இதே நிலைதான் வருமா?
– வாசகர், திருநெல்வேலி

காரணத்தை ஆராய்வதற்கு முன் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பி தெரிகிற டயரில் தயவுசெய்து இனி ஒரு நாள்கூட நெடுஞ்சாலைக்குச் செல்லாதீர்கள். பட்டனுக்கு அடியில் இருக்கும் எஃகு இழைப் பட்டைதான் டயரின் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. அது வெளியே தெரியத் தொடங்கிவிட்டால், தண்ணீர் பட்டுத் துருவேறி, ரப்பரோடு உள்ள பிடிப்பை இழந்து, வேகத்தில் போகும்போது டயர் வெடிக்கும் வாய்ப்பு மிக அதிகம். டயரை ரிம்மிலிருந்து கழற்றி, தேய்ந்த ஓரம் வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டுத் தருவதாகச் சில கடைகளில் சொல்லக்கூடும். கம்பி தெரிந்த டயருக்கு அது எந்த விதத்திலும் பொருந்தாது.

இனி, காரணம். உள் ஓரம் மட்டும் தேய்வதற்குப் பெரும்பாலும் இரண்டு கோணங்களில் ஒன்று பிசகியிருக்கும். காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். காரை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டால், இரண்டு முன் சக்கரங்களின் முன் விளிம்புகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் திரும்பியிருப்பது டோ-அவுட். ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருப்பது டோ-இன். அளவுக்கு மீறிய நெகட்டிவ் கேம்பரும் உள் ஓரத்தைத் தின்னும், டோ-அவுட்டும் உள் ஓரத்தைத் தின்னும். ஆனால் இரண்டும் டயரில் விட்டுச்செல்லும் அடையாளம் வேறு. அதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை, உங்கள் உள்ளங்கை போதும்.

கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைத் தவிர்த்துவிட்டு, டயரின் நடுப்பகுதியில் கையை வைத்து, காரின் வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாக ஒரு முறையும், உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரு முறையும் குறுக்காகத் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது ரம்பப் பல்லைத் தடவுவதுபோலக் கையில் உரசி, எதிர்த்திசையில் தடவும்போது வழுவழுப்பாக இருந்தால், அது டோ-அவுட்டின் அடையாளம். உள்ளிருந்து வெளியே வரும்போது உரசினால் டோ-இன். இரண்டு திசைகளிலும் உரசல் இல்லாமல், ஓரம் மட்டும் சரிவாக இழைத்துவிட்டதைப்போல இருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். மேலும், கேம்பர் பிசகுவது பெரும்பாலும் பள்ளத்திலோ நடைமேடை விளிம்பிலோ ஒரு சக்கரம் பலமாக மோதி, அந்தப் பக்கத்துப் பாகம் வளைந்ததால் நேர்வது. ஆகவே ஒரு பக்க டயர் மட்டும் தேய்ந்திருக்கும். உங்கள் காரில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருப்பதால், டோ கோணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

டோவில் ஏற்படும் சிறு பிசகு இவ்வளவு சேதம் செய்யுமா என்று கேட்கலாம். ஒரு சக்கரம் ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 நிமிடக் கோணம் மட்டும் திரும்பியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனாலும் கணக்குப்படி அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 3 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது அந்த ரப்பர் சாலையின் மீது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் குறுக்காகத் தேய்க்கப்பட்டிருக்கும்.

அப்படியானால் திரையில் ஏன் பச்சை காட்டுகிறது? அலைன்மென்ட் இயந்திரம் அளப்பது, மேடையில் அசையாமல் நிற்கும் காரின் கோணங்களை. உங்கள் டயர் தேய்வதோ, கார் ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரம் எடுக்கும் கோணத்தால். முன் சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மில் ரப்பர் புஷ்கள் (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்கள்) இருக்கின்றன. அந்த ரப்பர் வெடித்தோ தளர்ந்தோ போயிருந்தால், கார் நிற்கும்போது எல்லாம் சரியான இடத்தில் இருப்பதுபோலத் தோன்றும். பிரேக்கை மிதித்த கணத்தில் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்பட்டு, தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்ட், ஸ்டீயரிங் ராக் எண்ட், லோயர் ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயின்ட் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தாலும் விளைவு இதேதான். இந்த நிலையில் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் திரை பச்சையையே காட்டும், டயரும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, நீங்கள் நம்பும் மெக்கானிக்கிடம் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அருகில் நின்று பாருங்கள். சக்கரத்தின் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் பிடித்து மாற்றி மாற்றி ஆட்டும்போது தட்டும் ஓசையோ அசைவோ இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ராக் எண்ட். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். லோயர் ஆர்ம் புஷ்ஷைக் கையால் ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இரும்புக் கடப்பாறையை இடையில் கொடுத்து மெதுவாக நெம்பிப் பார்க்க வேண்டும். ரப்பரில் வாய் திறந்ததுபோன்ற பிளவு தெரிந்தாலோ, உள்ளிருக்கும் இரும்புக் குழாய் தாராளமாக நகர்ந்தாலோ, அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் தளர்ந்த பாகங்களை மாற்றுங்கள், பிறகு புது டயர்களைப் போடுங்கள், அதன் பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள். அலைன்மென்ட் தொடங்கும் முன் நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். டிக்கியில் கனமான சாமான்கள் இருக்கக் கூடாது. ஸ்டீயரிங் நேராகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வேலைக்கு முன் இருந்த அளவு, வேலைக்குப் பின் உள்ள அளவு இரண்டும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். “பச்சை வந்துவிட்டது” என்ற வாய்ச்சொல்லை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பச்சை என்பது அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். எல்லையின் விளிம்பிலும் அது பச்சைதான். பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரத்தின் டோவை மட்டுமே திருத்த முடியும், கேம்பரைத் திருத்த வசதி இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேம்பர் சிவப்பில் இருந்து, “இந்தக் காரில் அதைச் செய்ய முடியாது” என்று சொல்லி அனுப்பிவிட்டால், எந்தப் பாகம் வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை இன்னும் மீதமிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நான்கு டயர்களிலும் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, இரு ஓரங்களிலும் பட்டன் மிச்சமிருக்கிறது. மைலேஜ் கூடும் என்பதால் பெட்ரோல் பங்கில் 40 வைக்கச் சொல்வது வழக்கம். டயரின் பக்கத்தில் 51 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருப்பதால் 40 குறைவுதானே என்று நினைத்தேன். நைட்ரஜன் அடித்தால் இது சரியாகுமா?
– வாசகர், சென்னை

டயரின் பக்கச்சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் காருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை டயர் தயாரித்தவர் தீர்மானிப்பதில்லை. காரின் எடையையும் சஸ்பென்ஷனையும் அறிந்த கார் தயாரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்திலோ அருகிலுள்ள தூணிலோ ஒட்டியிருக்கும் சிறு தாளில் அந்த அளவு இருக்கும். நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றுக்கும் அது 30-க்கும் 36-க்கும் இடையில்தான் இருக்கிறது. அதைவிட மிகுதியாகக் காற்றடித்தால் டயரின் நடுப்பகுதி புடைத்து, சாலையோடு அதுமட்டுமே முழுமையாக உரசுகிறது. மைலேஜில் கிடைக்கும் சிறு லாபத்தை டயரின் விலை விழுங்கிவிடும் என்பதோடு, மழையில் பிரேக் பிடிக்கும்போது சாலையைத் தொடும் பரப்பும் குறைந்துபோகிறது.

காற்றை எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, அல்லது வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் உள்ள பங்கில் அளப்பதே சரியான அளவு. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1.5 பி.எஸ்.ஐ. உயரும். சித்திரை வெயிலில் நெடுந்தூரம் ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால், டயர் குளிர்ந்த பிறகு அழுத்தம் தேவையைவிடக் குறைந்துவிடும். குறைந்த காற்றோடு ஓடும் டயரில் நடுப்பகுதி மிஞ்சி இரு ஓரங்களும் தேயும். பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து நிமிர்ந்து சூடேறும். இரண்டு தவறுகளில் எது ஆபத்தானது என்று கேட்டால், காற்று குறைவாக இருப்பதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. தூய நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், அவ்வளவுதான். தவறான அளவில் அடித்த நைட்ரஜனும் டயரைத் தவறாகவே தேய்க்கும்.

என் செடான் காரில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து ‘ஊம்’ என்ற ஓசை எழுகிறது. வீல் பேரிங் போய்விட்டது என்று சொல்லிப் பின்னால் இரண்டு பேரிங்குகளையும் மாற்றினார்கள். ஓசை அப்படியே இருக்கிறது. பின் டயர்களில் பட்டன் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் இருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

கடிதத்தின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. டயரின் சுற்றளவில் சிறிது தூரத்துக்கு ஒரு முறை குழிவும் மேடுமாகத் தேய்ந்திருந்தால், அந்த மேடுகள் சாலையில் வரிசையாக விழும்போது எழும் ஓசை, கெட்டுப்போன பேரிங்கின் ஓசையை அப்படியே ஒத்திருக்கும். அனுபவமுள்ளவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள். பேரிங்கை மாற்றுவதற்கு முன்பே இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது ஓசையின் தன்மை மாறினால் அது டயர். வண்டிகள் இல்லாத அகலமான சாலையில், மிதமான வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைக்கும்போது, ஒரு பக்கம் எடை ஏறியதும் ஓசை கூடி மறுபக்கம் குறைந்தால் அது பேரிங். அதையும்விட எளிதான சோதனை, பின் டயர்களை முன்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. ஓசையும் முன்னுக்கு வந்துவிட்டால் பேரிங்கில் கை வைக்கவே தேவையில்லை.

முன் சக்கரங்களால் இயங்கும் கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் பின்பக்கம் எடை குறைவு. பின் ஷாக் அப்சார்பர் வலுவிழந்துவிட்டால், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சக்கரம் துள்ளித் துள்ளி விழுகிறது. சாலையில் அழுந்தும் இடம் அதிகமாகத் தேய்ந்து, அழுத்தம் குறையும் இடம் மிஞ்சிவிடுகிறது. ஒரு முறை குழிவு விழுந்துவிட்டால் அந்தக் குழிவே அடுத்த துள்ளலுக்குக் காரணமாகி, தேய்மானம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். காரின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய வழக்கம், முற்றிலும் செத்துப்போன ஷாக் அப்சார்பரை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அரைகுறையாக வலுவிழந்தது அந்தச் சோதனையில் தேறிவிடும். 70,000, 80,000 கிலோமீட்டர் ஓடிய காரில், கசிவு இல்லாவிட்டாலும் அதைச் சந்தேகிப்பதில் தவறில்லை. மாற்றினால் இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்யும் பேலன்ஸிங்கையும் பார்த்துவிடுங்கள். ரிம்மில் ஒட்டியிருந்த எடைத்துண்டு விழுந்துபோன சக்கரமும் இதுபோலத் தேயும். முன் சக்கரமாக இருந்தால் 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கி அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். பின் சக்கரத்தின் நடுக்கம் உட்காரும் சீட்டில் மட்டும் லேசாகத் தெரிவதால், பலர் அதைச் சாலையின் குறை என்று விட்டுவிடுகிறார்கள். காரணத்தைச் சரிசெய்த பிறகு, குழிவு ஆழமாக இல்லாத டயர்களை முன்னுக்கு மாற்றினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் மேடுகள் ஓரளவு சமமாகும். ஆழமாக விழுந்துவிட்ட குழிவு சமமாகாது, ஓசையும் முழுதாக அடங்காது. அந்த ஓசையைப் பொறுத்துக்கொண்டே ஓட்டுங்கள், அல்லது டயரை மாற்றிவிடுங்கள்.

வால்பாறையில் வசிக்கிறேன். வாரத்தில் பலமுறை பொள்ளாச்சிக்கு இறங்கி ஏறுகிறேன். முன் டயர்களின் வெளி ஓரங்கள் உருண்டு தேய்கின்றன. அலைன்மென்ட் சரியாக இருக்கிறது, பாகங்களும் புதியவை.
– வாசகர், வால்பாறை

40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை உங்களுடையது. ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்க முன் சக்கரம் காரின் எடையில் பெரும்பங்கைத் தன் தோளில் தாங்கித் திரும்புகிறது. முன்சக்கர இயக்கக் காராக இருந்தால், ஏறும்போது இழுக்கும் வேலையும் அதே டயரின் மேல்தான். ஆகவே இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், பாதையின் இயல்பு என்றே சொல்வேன். காற்று ஒருபோதும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் இருப்போர் வாரம் ஒரு முறை அளப்பது நல்லது. டயர்களை மாற்றிப் போடுவதை 10,000 கிலோமீட்டர் வரை தள்ளாமல் 5,000 கிலோமீட்டரிலேயே செய்யுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிப்பதைத் தவிர்த்து, நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டால் ஓரத் தேய்மானம் கண்கூடாகக் குறையும். இறங்கும்போது எஞ்சின் பிடிப்பிலேயே, தாழ்ந்த கியரில் இறங்குவது பிரேக்குக்கும் டயருக்கும் ஒருங்கே நல்லது.

டயர்களை எந்த முறையில் மாற்றிப் போட வேண்டும்? ஸ்டெப்னியையும் சேர்க்கலாமா? இரண்டு புது டயர்கள் மட்டும் வாங்கினால் அவற்றை முன்னால்தானே போட வேண்டும்?
– வாசகர், மதுரை

முன்சக்கர இயக்கக் காரில், முன் டயர்கள் இரண்டையும் அதே பக்கத்தில் நேராகப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். பின் டயர்களைப் பக்கம் மாற்றி, இடப்பக்கத்தை வலப்பக்கமாகவும் வலப்பக்கத்தை இடப்பக்கமாகவும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பின்சக்கர இயக்கக் காரில் இதற்கு நேர்மாறு. பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயர்களைப் பக்கம் மாற்றக் கூடாது; அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டும் மாற்றலாம். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை செய்தால் போதும். முன், பின் டயர்களுக்கு வெவ்வேறு காற்றளவு குறிப்பிட்டிருந்தால், மாற்றிய உடனே அதையும் திருத்திவிட வேண்டும். ஸ்டெப்னி மற்ற நான்கின் அளவிலேயே இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். இப்போது பல கார்களில் கொடுக்கப்படும், அளவில் சிறிய ஸ்டெப்னி அவசரத்துக்கு மட்டுமே. அதில் குறிக்கப்பட்டுள்ள வேக வரம்பை மீறாமல் பஞ்சர் கடை வரை போய்ச் சேருவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு புது டயர்கள் வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள். இதைக் கேட்டுப் பலர் வியப்படைகிறார்கள், கடைகளிலும் மறுத்துப் பேசுகிறார்கள்; ஆனால் இதற்கு உறுதியான காரணம் இருக்கிறது. மழைநீர் தேங்கிய சாலையில் முன் டயர் பிடிப்பை இழந்தால் கார் நேராகப் போக முயலும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு திரும்பிவரும். பின் டயர் பிடிப்பை இழந்தால் காரின் பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வரப் பார்க்கும். பழகிய ஓட்டுநராலும் அதை மீட்பது கடினம். ஆகவே நல்ல பட்டன் உள்ள டயர்கள் எப்போதும் பின்னால் இருக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது முன்னால் வருபவை மொட்டை டயர்களாக இருக்கக் கூடாது. பட்டனின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். மத்திய மோட்டார் வாகன விதிகள் கார்களுக்கு அனுமதிக்கும் எல்லையும் அதுவே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டப்போகிறவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3524 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமலே கடையில் கிடந்தாலும் ரப்பர் காலப்போக்கில் இறுகிப்போகும் என்பதால், மிகப் பழைய டயரைத் தள்ளுபடி விலையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டு டயர்களும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்கட்டும். பூட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ஸ்பானரால் மறுபடியும் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.